சுவருக்குள் கிடக்கும் பழைய வயருக்குப் 'பாழ்ங்கம்பி' – என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பயன்பாடு நின்றுபோய்ச் சுவருக்குள் கிடக்கும் பழைய மின்கம்பியை எப்படி அழைப்பது என்ற இந்த இழையில் 'செத்த கம்பி', 'இறந்த கம்பி' இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம், தாத்தா காலத்தில் கட்டியது. போன மாதம் பெயிண்ட் அடிக்கச் சுவரைச் சுரண்டியபோது கதவுநிலைக்கு மேலே பூச்சுக்குள்ளிருந்து இரண்டு வயர் முனைகள் எட்டிப் பார்த்தன. ரப்பர் உறை காய்ந்து, தொட்டால் உதிர்கிற நிலை. "இது செத்த வயர், வெட்டிவிட்டுப் பூசிடலாம்" என்றார் பெயிண்டர். நானும் சரி என்று சொல்ல இருந்தேன். நல்லவேளையாக, பாறசாலையிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் விடவில்லை. கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தார், அப்புறம் இந்த முனைகளில், மறுபடியும் பிளக்கில். முனைகளில் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. பக்கத்து வயரின் தூண்டலால் மீட்டரில் வெறும் வோல்ட்டேஜ் தெரிவதும் உண்டு, அதில் பல்ப் எரியாது என்று சொல்லி ஒரு குண்டு பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது. தேடிப்போனால், மச்சில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் யாரோ இந்தப் பழைய வயரைப் புது வயரோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள்.

'செத்த' என்ற சொல்லை நம்பியிருந்தால் அன்று ஒரு உயிர் போயிருக்கும். பயன்பாடு நின்றது வேறு, கரண்ட் நின்றது வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்கக் கூடாது. அளந்து உறுதிசெய்த பிறகு மட்டும் 'மின்னற்ற கம்பி' என்போம். பயன்பாடு நின்றதற்கு என் பரிந்துரை 'பாழ்ங்கம்பி'.

பாழ்ங்கிணற்றை நினைத்துப் பாருங்கள். யாரும் அதில் தண்ணீர் இறைப்பதில்லை, ஆனாலும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டோம். மலையாளத்தில் பொட்டக்கிணறு என்பார்கள், அதே எச்சரிக்கையோடு. எங்கள் எலக்ட்ரீஷியனுக்கும் இந்த ஒப்புமையைச் சொன்னதுமே பிடித்துவிட்டது. 'கைவிட்ட கம்பி'யில் இந்த எச்சரிக்கை இல்லை. 'வழக்கொழிந்த கம்பி' என்றால் அந்த வகைக் கம்பியே இப்போது புழக்கத்தில் இல்லை என்ற பொருள் வந்துவிடும். நேற்று வாங்கிய வயர்கூட ஏ.சி.யை இடம் மாற்றினால் பாழ்ங்கம்பி ஆகலாமே.

'பாழ்க்கம்பி'யா, 'பாழ்ங்கம்பி'யா என்று கேட்பீர்கள். பாழ் என்ற சொல்லின் பின் வல்லெழுத்து, மெல்லெழுத்து இரண்டுக்கும் தொல்காப்பியம் இடம் தருகிறது. கிணற்றை நினைவூட்டுவதால் எனக்கு மெல்லெழுத்தே பிடிக்கிறது.

ஒரு வயரிங் கையேட்டில் இந்தச் சொல்லை வைத்துப் பார்க்கிறேன்: "பாழ்ங்கம்பியில் கரண்ட் இருப்பதாகவே கொள்ளவும். மெயினை அணைத்து, மின்னற்றது என அளந்தபின், அது கிளம்பும் இடத்திலேயே கழற்றி உருவி எடுக்கவும். உருவ முடியாவிட்டால் முனைகளைக் கனெக்டரில் இட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்து, பெயர் எழுதவும். டேப் சுற்றிப் பூசிவிடக் கூடாது." சொல் உறுத்தாமல் உட்காருகிறது என்று நினைக்கிறேன்.

உறையோடு கூடிய கேபிளுக்கு 'பாழ்வடம்' பொருந்துமா? பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயரிங் வேலை செய்பவர்கள் இதற்கு வாயில் வைத்திருக்கும் சொல் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.