உணவு அறிவியல் பாடம் உங்களுக்கு எப்போது நிஜமாகப் புரிந்தது? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

நானே தொடங்குகிறேன். உணவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க வந்து 11 வருடம் ஆகிறது. முதல் சில வருடம் நான் நடத்திய ஆய்வக வகுப்புகளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. கையேட்டில் இருப்பதைப் பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அப்படியே செய்வார்கள், ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்கிப் போவார்கள்.

ஒரு நாள் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பார்க்கும் சோதனை. ரெக்கார்டு திருத்தும்போது ஒரே பெஞ்சில் நான்கு பேருக்கும் ப்யூரெட் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) அளவு 8.4 மில்லி. சந்தேகப்பட்டு முந்தைய வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 8.4. சீனியரிடமிருந்து கைமாறி வந்த எண் அது. ஒரே ஒரு சொட்டில் ஃபிளாஸ்க் முழுக்க ரோஸ் நிறம் பரவி நிற்கும் அந்த நொடியை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. விடை முன்பே தெரிந்த சோதனையை யார் பொறுமையாகச் செய்வார்கள்?

அடுத்த செமஸ்டரில் இட்லி மாவை எடுத்தேன். கையேட்டை மூடிவிட்டு ஒரே கேள்வி: மாவு ஏன் பொங்குகிறது? பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பாதிக்கு மேல் ‘ஈஸ்ட்’. ஒரு பெண் மட்டும் எழுந்து, “கையால கரைச்சாத்தான் பொங்கும்னு எங்க ஆச்சி சொல்வாங்க மேம்” என்றாள். வகுப்பு சிரித்தது. சரி, அதையே சோதிப்போம் என்றேன்.

நான்கு கண்ணாடி பாட்டில். ஒன்றில் கையால் கரைத்த மாவு, ஒன்றில் கரண்டியால் கலக்கியது, ஒன்றில் உளுந்தில்லாத வெறும் அரிசி மாவு, நான்காவது ஃப்ரிட்ஜில். மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். சாயங்காலம் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்கு மேல் இருந்தது. விடுதிப் பிள்ளைகள் ராத்திரி 10 மணிக்குப் போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். நான் சொல்லவே இல்லை.

காலையில் முதல் இரண்டு பாட்டிலிலும் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றது. பிஎச் 4.5 பக்கம் இறங்கியிருந்தது. ஃப்ரிட்ஜ் மாவு அசையவில்லை. அரிசி மாவோ அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர். புளிப்பு வாசம் உண்டு, ஆனால் மாவு பொங்கவில்லை. “புளிச்சிருக்கு, ஆனா ஏன் மேம் உப்பல?” என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன்!

வாயு உண்டாவது வேறு, அதைப் பிடித்து வைப்பது வேறு. மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு ஈஸ்டுக்கு இல்லை, லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. உளுந்தோடும் அரிசியோடும் அதுவே வந்துவிடுகிறது. அது விடும் வாயுவை வெளியே விடாமல் தாங்குவது உளுந்தின் புரதமும் அந்த வழவழப்பும். இதைச் சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பால் பண்ணை தரக்கட்டுப்பாடு, ஈரோடு

மேம், நான் மாணவியாக இருந்த பக்கத்தைச் சொல்கிறேன். 72 டிகிரி, 15 விநாடி. பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டரைசேஷன் என்றால் தூக்கத்திலும் சொல்வேன். வேலைக்கான நேர்காணலில், “பாஸ்படேஸ் பாசிட்டிவ் வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டார்கள். வாயடைத்துப்போனேன். பச்சைப் பாலில் இயல்பாகவே இருக்கும் அந்த நொதி, நோய்க்கிருமிகள் சாகும் வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதுவே அழிந்துவிட்டால் கிருமிகளும் செத்திருக்கும் என்பதுதான் அந்தச் சோதனையின் அடிப்படை. அழியாமல் இருந்தால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் எங்கோ கலந்திருக்கிறது. சோதனையின் படிகள் எனக்கு மனப்பாடம், இது தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பிளாண்டில் இருந்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் என்னைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, “கொஞ்சம் காது குடும்மா” என்றார். வெப்பம் ஒரு டிகிரி இறங்கியதும் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வால்வு திரும்பி, சூடு போதாத பால் மறுபடி, சூடாக்கும் முன் பால் நிற்கும் பேலன்ஸ் டேங்குக்கே போனது. சூடான பால் அந்த 15 விநாடி கடந்துபோகும் குழாய், ஹோல்டிங் டியூப், ஏன் மேல்நோக்கிச் சரிந்திருக்கிறது என்றும் அவர்தான் காட்டினார். காற்று உள்ளே தங்கினால் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், பால் 15 விநாடிக்கு முன்பே கடந்துவிடும். அண்ணன் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். அவரைப் போன்றவர்களை வருடத்துக்கு ஒருமுறையாவது வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர், தூத்துக்குடி

எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ‘நீர்ச் செயல்பாடு’ (உணவில் கிருமிகளுக்குக் கிடைக்கும் தண்ணீரைக் காட்டும் எண், வெறும் தண்ணீருக்கு 1) என்று சொன்னால் கண் மூடிக்கொள்ளும். ஒரு நாள் மேசையில் ரொட்டியையும் ஜாமையும் வைத்தேன். இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட, தண்ணீர்தான். ரொட்டி சில நாளில் பூசணம் பிடிக்கிறது, ஜாம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஏன்?

ரொம்ப நேரம் அமைதி. பின் பெஞ்சில், கருவாடு போடும் வீட்டுப் பையன், மூன்று மாதமாக வாயே திறக்காதவன், “ஜாம்ல தண்ணி கட்டிப் போட்ட மாடு சார். ரொட்டியில அவுத்து விட்ட மாடு. எங்க வீட்ல உப்புதான் சார் கட்டிப் போடுது” என்றான். ரொட்டிக்கு 0.95, ஜாமுக்கு 0.8 பக்கம் என்று எண்களை அப்புறம் எழுதினேன். நுணுக்கமாகப் பார்த்தால் ‘கட்டிப் போடுவது’ முழு விளக்கம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். அன்றைக்கு அந்தப் பையனை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கருவாட்டுக்கு எத்தனை பங்கு மீனுக்கு எத்தனை பங்கு உப்பு, வெயில் குறைந்தால் என்ன செய்வார்கள் என்று அரை மணி நேரம் அவன்தான் வகுப்பெடுத்தான்.

மேம், அந்த ஆச்சி பேத்தி என்ன ஆனாள்?

கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

கேட்டதற்கு நன்றி சார். பாட்டில்களைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. “அப்போ ஆச்சி சொன்னது தப்பா மேம்?” என்றாள். நாம் செய்தது சித்திரை வெயிலில், ஒரே ஒரு ராத்திரி, மார்கழிக் குளிரில் கைச்சூட்டுக்கு வேலை இருக்கிறதோ என்னவோ என்றேன். பேச்சுவாக்கில் சொன்னது, மறந்தும் போனேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு நோட்டோடு வந்தாள். மூன்று ராத்திரி, இரண்டு பாத்திரம், ஆச்சியே கரைத்திருக்கிறார். இரண்டு ராத்திரி வித்தியாசம் இல்லை. மூன்றாவது ராத்திரி கையால் கரைத்தது அரை விரல்கடை கூடுதல். நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு, “மூணு ராத்திரி போதுமா மேம்? இன்னும் எத்தனை தடவை செஞ்சா நம்பலாம்?” என்று கேட்டாள்.