கொலையாளி காதலிக்கத் தொடங்கும் இடத்தில் நாவல் நின்றுவிட்டது

நான் எழுதும் நாவலின் நாயகன் சிறுவயது முதலே கொலைக்கெனப் பழக்கப்பட்டவன். பயமோ இரக்கமோ அவனுக்குத் தெரியாது. கதையின் பாதியில், கொல்ல வேண்டியவரை வேவு பார்க்க எதிர்வீட்டில் குடியேறுகிறான். மாடியில் வசிக்கும் பெண்மீது காதல் வருகிறது. அதன்பின் அவன் பேசுவதெல்லாம் வேறு யாரோ பேசுவதுபோல் ஒலிக்கிறது.

அவனே கதை சொல்வதாக எழுதினேன். உணர்ச்சியற்றவன் தன் மனதை இவ்வளவு விளக்குவானா என்று உறுத்தியது. அவள் பார்வைக்கு மாற்றினேன், அவன் வெறும் மர்மமாகிவிட்டான். அழுகைக் காட்சியை வெட்டிவிட்டேன். அது போனதில் வருத்தமே இல்லை.

பற்றிக்கொள்ள மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிடிமானம்தான். வாயால் சிரிப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசை கட்டுப்படாது என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862இல் எழுதினார். அதை வைத்து ஒரு காட்சி அமைத்தேன். கை நிறையப் பைகளுடன் அவள் சாவிக்கொத்தைப் பல்லில் கவ்வியபடி படியேறுகிறாள். அவன் கண்ணோரம் சுருங்குகிறது. என்னவென்று புரியாமல் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறான். இந்தப் பத்தி உயிரோடு இருக்கிறது. அடுத்த பத்திதான் வரவில்லை.

இதன்பிறகு வரும் கொலையில் அவன் கை தயங்க வேண்டுமா, அல்லது வழக்கம்போல் கொன்றுவிட்டு அப்புறம் உடைய வேண்டுமா?