கம்பைலரில் ஓ2 போட்டால் ரேம் சோதனை எப்போதும் பாஸ்

மன்னார்குடியில் பம்புசெட் ஸ்டார்ட்டருக்கு போர்டு செய்கிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103, 20 கேபி ரேம், கம்பைலர் ஜிசிசி. மும்முனை கரண்ட் வந்ததும் ரேமில் எழுதிப் படித்து ஒப்பிட வேண்டும். நடுவே டீபக்கரில் மதிப்பை மாற்றினால் ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0 பிடித்துவிடுகிறது, வேகத்துக்காகக் கோடை மாற்றும் ஓ2 பிடிப்பதில்லை. அசெம்பிளியைப் பார்த்தால், இப்போதுதானே எழுதினாய், எதற்குப் படிக்கிறாய் என்று கம்பைலர் ஒப்பீட்டையே தூக்கியிருக்கிறது!

பாயின்டருக்கு வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் ரேமைத் தொட்டே ஆக வேண்டும் என்ற குறிப்பு) போட்டேன், அது சரியாயிற்று. ஆனால் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் உள்மாறிகளும் திரும்பும் முகவரியும் வைக்கும் இடம்) இருக்கும் மேல் 4 கேபியைத் தொட்டால் தொங்குகிறது. இன்டரப்டை நிறுத்தியாயிற்று. 32 பிட்டாகப் பழைய மதிப்பை எடுத்துவைத்துத் திருப்பி எழுதியும் பார்த்தேன். மூன்று நாளாக இதே கதை. குறுவை நடவுக்குள் கொடுக்க வேண்டும்.

சோதனை ஃபங்ஷனின் உள்மாறிகள் ஸ்டாக்குக்குப் போகாமல் சிபியு ரெஜிஸ்டரிலேயே நிற்க சி-யில் உறுதியான வழி உண்டா, இல்லை அதை அசெம்பிளியில்தான் எழுத வேண்டுமா?