மடங்கிய கட்டைவிரல்: அறுவைக்கு ஒப்புக்கொண்டவர்களும் காத்திருந்தவர்களும்

சேலத்து அம்மா:
ட்ரிகர் தம்ப், அதாவது குழந்தையின் கட்டைவிரல் நுனிமூட்டில் மடங்கி நிமிராமல் நின்றுவிடுவது, என்னவென்று இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதத்தில் வலது கட்டைவிரலில் அது தெரியவந்தது; எட்டு மாதம் பொறுத்தும் விரல் நிமிராததால் அறுவைக்கு ஒப்புக்கொண்டோம். இருபது நிமிடத்தில் முடிந்தது, விரலும் அன்றே நிமிர்ந்தது. ஆனால் அந்த அறுவை அரங்கின் வாசலை மட்டும் என்னால் கடந்துவர முடியவில்லை. இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த குழந்தை, என் தோளிலிருந்து செவிலியரின் தோளுக்கு மாறியபோது அழவில்லை. மடங்கிய விரலைத் தூக்கிக் காட்டி, "இது வலிக்கலம்மா" என்றாள். அது உண்மை. அவளுக்கு அந்த விரல் ஒருநாளும் வலித்ததில்லை.

காத்திருந்த அப்பா:
சகோதரி தவறு செய்தார் என்று சொல்லவில்லை. எட்டு மாதம் போதாது என்றுதான் சொல்கிறேன். என் மகனுக்கு இதே விரல்தான். நாங்கள் பார்த்த முதல் மருத்துவர் அடுத்த வாரமே தேதி கொடுத்தார். இரண்டாமவர், வலியில்லாதவரை பொறுத்திருக்கலாம், அதனால் கெடுதல் ஏதுமில்லை என்றார். தினமும் அவன் உறங்கிய பிறகு விரலை மெல்ல நீட்டிவிட்டு வந்தோம். நான்கு வயது கடந்த பிறகு ஒரு காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவனின் கட்டைவிரல் நேராக இருந்தது. அது எந்த நாளில் நிமிர்ந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. நான் கரண்டியோடு நின்றுவிட்டேன், தோசை கருகியது.

ஆறு வயதுப் பேரனின் பாட்டி:
தம்பி, உங்கள் பிள்ளைக்கு நிமிர்ந்தது என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் நிமிரும் என்று எழுதாதீர்கள். நாங்களும் பொறுத்தோம், ஆறு வயதில் என் பேரன் பென்சிலைப் பிடித்தபோது, நுனிமூட்டு நிமிராத குறையை ஈடுசெய்ய அடிமூட்டு பின்பக்கமாக வளைந்து நின்றதைப் பார்த்தேன். பிறகுதான் அறுவை செய்தோம்.

இனி முடிவெடுக்கப்போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். கட்டைவிரலின் அடியில் தட்டுப்படும் அந்த முடிச்சு எலும்பு அன்று; அது தசைநாணில் ஏற்பட்ட தடிப்பு, 1850இலேயே நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது. அந்தத் தடிப்பு தசைநாண் நழுவிச் செல்லும் வளையத்துக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது, அறுவையில் வளையத்தைத்தான் திறந்துவிடுகிறார்கள். ஆகவே எலும்பு பிசகிவிட்டதென்று கட்டுப்போடுகிறவரிடம் கொண்டுபோய் வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். பெரியவர்களுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைக் குழந்தைக்கும் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு அது வழக்கமான சிகிச்சை அன்று. விரலின் நரம்பு அவ்விடத்தில் தோலுக்கு வெகு அருகில் ஓடுவதால், சிறிய வெட்டுதானே என்று எண்ணாமல், குழந்தைகளின் கையில் பழக்கமுள்ள அறுவை மருத்துவரைத் தேடுங்கள். மயக்க மருந்தைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கையைக் காட்டி உறவினர்கள் பயமுறுத்துவார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கத்தைப் பற்றியது அது. இருபது நிமிட வேலையை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேலத்து அம்மா:
அம்மா, நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை, அறுவை முடிந்து ஓராண்டாகிவிட்டது, இருந்தாலும் நன்றி. காத்திருந்த சகோதரரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் மகனின் விரலை நீங்கள் நீட்டியபோது அது சொடுக்கிட்டாவது நிமிர்ந்ததா, அல்லது என் மகளுடையதைப் போல அசையவே மறுத்ததா?