ப. சிங்காரத்துக்கு மேடான் வாழ்க்கை என்ன குடுத்துச்சு?

கேள்வி: ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' நாவல இப்பதான் படிச்சு முடிச்சேன், இன்னும் அதுலருந்து வெளிய வர முடியல. இவரு நெஜமாவே அங்க இருந்தவரா?

மதுரைவாசி: ஆமாங்க. சிங்கம்புணரிக்காரரு, 1938ல சின்ன வயசுலயே இந்தோனேசியா போயி மேடான்ல கடையில வேலை பாத்தாரு. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் அந்த ஊர புடிச்சு வச்சிருந்த காலத்தையும் அங்கயே இருந்து பாத்தவரு, அதான் நாவலோட ஆரம்பத்துல ஜப்பான் பட்டாளம் ஊருக்குள்ள வர்றப்ப ஜனங்க நின்னு பாக்குறத படிச்சா நாமளே தெருவோரம் நிக்கிற மாதிரி இருக்கு.

கடலோடி: எனக்கு அந்த தொங்கான் (சரக்குப் பாய்மரக் கப்பல்) பயணம்தான் புடிச்சது, பினாங்கு போற வழியில புயல்ல மாட்டி ஆடுறப்ப வாக்கியமும் சேந்து ஆடுது பாருங்க. முன்னாடி வந்த 'கடலுக்கு அப்பால்' நாவலும் அந்த மண்ணுதான், ரெண்டே நாவல், ரெண்டுமே மறக்காது.

கேள்வி: நன்றிங்க, அதையும் வாங்கிடுறேன்.