2026 மே 7 லண்டன் கவுன்சில் தேர்தல்: சைக்கிள் பாதைக்கு உண்மையில் நிற்கப்போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வடமேற்குவாணி:

வணக்கம். வடமேற்கு லண்டனில் 14 வருடமாக ஒரே வார்டில் இருக்கிறேன். இதுவரை கட்சியைப் பார்த்துத்தான் வாக்குப் போட்டிருக்கிறேன், 2022இல் அதற்கும் போகவில்லை. இந்த மே 7 அன்று ஒரே ஒரு விஷயத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறேன்: என் மகன் பயமில்லாமல் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும்.

அவனுக்கு வயது 12. பள்ளிக்கூடம் இரண்டு மைல்கூட இல்லை. பஸ்ஸில் போனால் நடுவில் மாறி ஏறி 40 நிமிடம், சைக்கிளில் 12 நிமிடம். செப்டம்பரில் நானே போகிறேன் என்று ஆசையாகத் தொடங்கினான். போகும் வழியில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே ரோட்டோரம் வெள்ளைக் கோடு போட்டு, உள்ளே சைக்கிள் படம் வரைந்திருக்கிறார்கள். காலை எட்டே காலுக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் படத்தின் மேலேயே சரக்கு வான் நிற்கும், வரைந்த சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் டயருக்கு வெளியே தெரியும். பிள்ளை ஒவ்வொரு வண்டிக்கும் நடு ரோட்டுக்கு விலகி, திரும்ப ஓரத்துக்கு வந்து, மறுபடி விலகிப் போக வேண்டும். நவம்பரில் ஒரு நாள் நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ திறக்க, அது கைப்பிடியில் தட்டி விழுந்துவிட்டான். பின்னால் வந்த பஸ் டிரைவர் கண்டு நிறுத்தியதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்றிலிருந்து சைக்கிள் பின்வாசலில் சாத்தியபடி நிற்கிறது. அவன் எடுக்கட்டுமா என்று கேட்பதுமில்லை. அதுதான் எனக்கு விழுந்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இதுவரை நான்கு துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் பாதுகாப்பான தெருக்கள், சுத்தமான காற்று என்று இருக்கிறது. சைக்கிள் என்ற சொல் ஒன்றில்தான். வாசலுக்கு வருகிறவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்? யார் சொல்வதை நம்புவது? அப்புறம், என் மாமியாரிடம் இலங்கைப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது, அவரும் வாக்களிக்கலாமா?

பழையசங்கிலி:

தங்கச்சி, மகனுக்குக் கை நன்றாக ஆறிவிட்டதா?

"நீங்கள் சைக்கிளுக்கு ஆதரவா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 2014இலிருந்து ஒவ்வொரு கவுன்சில் தேர்தலுக்கும் வேட்பாளர்களிடம் பேசி வருகிறேன், இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆதரவு என்று சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் செலவில்லை. 2014இல் லண்டன் சைக்கிளிங் கேம்பெய்ன் என்ற அமைப்பு வேறு வழி பிடித்தது: வார்டுக்கு ஒரு கோரிக்கை. இன்ன தெரு, இன்ன சந்தி, இதைச் செய்வீர்களா மாட்டீர்களா, அவ்வளவுதான். நான் அந்த வருடம் எங்கள் வார்டில் ஒரு பள்ளிக்கூட வாசல் சந்தியை எடுத்துக்கொண்டு ஆறு பேரிடம் போனேன். மூன்று பேருக்கு அந்தச் சந்தி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போதே பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

போவதற்கு முன் அந்த ரோடு யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் பெரும்பாலும் அது டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்) ரோடு, கவுன்சிலர் "எங்கள் கையில் இல்லை" என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் லண்டன் ரோடுகளில் டிஎஃப்எல்லிடம் இருப்பது நீளத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான், மற்றதெல்லாம் ஏறக்குறைய பரோ (லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) கவுன்சில்களின் கையில். உங்கள் கடைத்தெருவில் மஞ்சள் கோடும் பார்க்கிங் கட்டணப் பலகையும் இருந்தால், அநேகமாக அது கவுன்சில் ரோடு.

அடுத்தது, ஆட்களை உண்மையில் பிரித்துக் காட்டுகிற கேள்வி. அந்தத் தெருவில் கல்லோ கம்பமோ வைத்துத் தடுத்த பாதை வேண்டுமென்றால் ஒரு பக்கம் கார் நிறுத்துமிடம் போகும். எத்தனை இடம் போகும் என்று நீங்களே நடந்து எண்ணிவிட்டுப் போங்கள். "இத்தனை இடம் போகும், ஆட்சேபக் கடிதம் இருநூறு வரும், அப்போதும் ஆம் என்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் முகத்தைப் பாருங்கள். வெறும் கோடு போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2020இல் அரசு வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டியே வண்டி அதிகமாக ஓடும் ரோட்டில் வெள்ளைக் கோடு பாதுகாப்பு ஆகாது என்கிறது. அங்கே ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர் அகலம் கேட்கிறார்கள். இடமே இல்லாத நெருக்கடியில்தான் 1.5.

ஏற்கெனவே கவுன்சிலராக இருப்பவர் மறுபடி நின்றால் வேலை சுலபம், அவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். கவுன்சில் இணையதளத்தில் கூட்டக் குறிப்புகள் இருக்கும், பல இடங்களில் வீடியோவும் இருக்கும். உங்கள் தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். போக்குவரத்துக் குழுவில் இருந்தாரா, எந்தத் திட்டத்துக்கு எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று எல்லாம் கிடைக்கும்.

மூலைக்கடை:

நான் வேறு பரோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், கடைத்தெருவில்தான். வாணி அக்காவின் மகனுக்கு நடந்ததை வாசித்து மனம் பதறிவிட்டது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மரக்கறி வரும். 60, 70 பெட்டி. அதை இறக்க 25 நிமிடம் வான் கடை வாசலில் நிற்க வேண்டும். அடுத்த தெருவில் நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வர என்னிடம் ஆள் இல்லை. 2020இல் எங்கள் தெருவில் திடீரென்று சைக்கிள் பாதைக்காகப் பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டார்கள், ஒருவரும் கடைக்குள் வந்து சரக்கு எங்கே இறக்குகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதத்தில் பிடுங்கிவிட்டார்கள். போட்டதும் எங்களைக் கேட்காமல், எடுத்ததும் சைக்கிளில் போகிறவர்களைக் கேட்காமல். எனக்குக் கோபம் பாதை மேல் இல்லை, செய்த விதத்தின் மேல்தான்.

ஒன்று சொல்கிறேன், அக்காவுக்கு உதவும். போன தேர்தலில் ஒருவர் என் கடைக்கு வந்து "ஒரு பார்க்கிங் இடத்தையும் தொட விடமாட்டேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். அதே வாரம் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் சைக்கிள் பாதை கொண்டு வருவேன் என்று பேசினார். நான் பின்வரிசையில்தான் இருந்தேன். அதனால் உங்கள் வார்டில் அந்தக் கடைக்காரர்களிடம் போய், வேட்பாளர் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் சொன்னவர் இருந்தால் அவருக்கு நானே வாக்குப் போடுவேன், பதில் எனக்குப் பிடிக்காவிட்டாலும் சரி.

பழையசங்கிலி:

தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றாத யோசனை. சரக்கு இறக்கும் இடத்தை ஒதுக்கித்தான் பாதை போட வேண்டும், பாதையை அதற்குப் பின்னால் நடைபாதைப் பக்கமாக வளைத்துக் கொண்டுபோகலாம், பல இடங்களில் அப்படி இருக்கிறது. அதையும் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள் வாணி: "வான் எங்கே நிற்கும்?" அதற்குப் பதில் வைத்திருப்பவர் விஷயத்தை யோசித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வோல்தம்ஸ்டோக்காரி:

வேட்பாளர்கள் இதைத் தொடவே பயப்படுவார்கள், ஓட்டுப் போய்விடும் என்று நினைப்பார்கள். எங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள் அவர்களிடம். எங்கள் பரோவான வோல்தம் ஃபாரஸ்ட்டில் மினி ஹாலந்து என்ற சைக்கிள் பாதைத் திட்டத்துக்கு 2014இல் பணம் கிடைத்தது. அங்கே ஓர்ஃபோர்ட் ரோடு என்ற கடைத்தெருவில் பகலில் கார் போகாதபடி செய்தபோது எங்கள் கிராமம் செத்துவிட்டது என்று சவப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள், 2015இல். அன்றைக்கு அங்கே நின்ற யாரும் அந்தக் கவுன்சில் அடுத்த தேர்தலில் பிழைக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 2018இல் என்ன நடந்தது? அதைச் செய்த லேபர் கட்சி 44 இடத்திலிருந்து 46 ஆனது. இப்போது அதே ஓர்ஃபோர்ட் ரோட்டில் சனிக்கிழமை என் மகள் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நடக்கிறாள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020 இலையுதிர்காலத்தில் போட்ட சைக்கிள் பாதையை ஏழு வாரத்தில் டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். டவர் ஹாம்லெட்ஸில் 2022இல், கார் ஊடறுத்துப் போகாதபடி மூடிய தெருக்களைத் திறப்பேன் என்று சொல்லியே லுத்ஃபுர் ரஹ்மான் மேயரானார். அதே நாளில் பக்கத்து ஹாக்னியில், தெருக்களில் கார் ஊடறுத்துப் போவதைத் தடுத்த மேயரையே மக்கள் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் "புதிதாக என்ன செய்வீர்கள்" என்பதோடு "ஏற்கெனவே இருப்பதைத் தொடுவீர்களா" என்றும் கட்டாயம் கேளுங்கள். சோதனை உத்தரவில் போட்ட திட்டங்கள் 18 மாதத்துக்கு மேல் அப்படியே ஓடாது, நிரந்தரமாக்க வேண்டும் இல்லையென்றால் எடுக்க வேண்டும். உங்கள் பரோவில் அப்படி ஏதாவது பாதி வழியில் நிற்கிறதா பாருங்கள், அதன் தலையெழுத்து புதிய கவுன்சில் கையில்தான்.

இன்னொன்று. வார்டு கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பெரும்பாலான பரோக்களில் முடிவு எடுப்பது போக்குவரத்துப் பொறுப்பில் இருக்கும் கேபினட் (கவுன்சிலின் நிர்வாகக் குழு) உறுப்பினர். "உங்கள் கட்சி வந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கு?" என்று கேளுங்கள். நியூஹாம், ஹாக்னி, லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஐந்திலும் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் மேயர் வேட்பாளரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

படிவம்பார்ப்பவன்:

வாக்குரிமைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள், அதனால் அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கே சட்டப்படி வசிப்பவர் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம், பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. இது தெரியாமல் நம்மவர்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டோடு வந்து குடியேறியவர்கள் 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே தொடர்ந்து சட்டப்படி இங்கே இருந்தால் முடியும்.

பதிவு செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 20. தபால் வாக்குக்கு மறுநாள் மாலை 5 மணி. வாக்குச்சாவடிக்குப் படத்தோடு அடையாள அட்டை வேண்டும், மாமியாரின் இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும், காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்துப்போனால் சரி. 60 வயதுக்காரரின் ஆய்ஸ்டர் பயண அட்டையும் செல்லும்.

அப்புறம் முக்கியமானது: உங்கள் வார்டுக்கு மூன்று கவுன்சிலர் என்றால் உங்களுக்கு மூன்று வாக்கு. மூன்றும் ஒரே கட்சிக்கு என்று எந்த விதியும் இல்லை. ஒரு கட்சியில் ஒருவர், இன்னொன்றில் ஒருவர் என்று பிரித்துப் போடலாம், ஒன்றோடு நிறுத்தியும் விடலாம். ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல தேர்தல் கிடைக்காது. வேட்புமனு ஏப்ரல் 9 வரை, அதற்கு மறுநாள் முழுப் பட்டியலும் கவுன்சில் தளத்தில் வந்துவிடும்.

வடமேற்குவாணி:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மாமியாரை நேற்றே பதிவு செய்துவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனதும் சைக்கிளில்தான், கேட்டதும் "எனக்கும் மூன்று வாக்கா?" என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மகனோடு போய்க் கடைத்தெருவை நடந்து எண்ணினேன். ஒரு பக்கம் 17 இடம். அவனே தாளில் கோடு போட்டான். கடைகளிலும் கேட்டேன், ஐந்து கடைக்காரர்களில் நான்கு பேர் நன்றாகப் பேசினார்கள், மருந்துக்கடைக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நடந்துதான் வருகிறார்கள் என்றார்.

ஞாயிறு இரண்டு வேட்பாளர்கள் வந்தார்கள். முதலாமவர் நான் 17 என்றதும் "கலந்தாலோசனை நடத்திப் பார்ப்போம்" என்றார், வான் எங்கே நிற்கும் என்றதற்கும் அதே பதில். கடைக்காரர்களிடம் அவர் ஒரு இடமும் போகாது என்று சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் வேறு கட்சி. அவர் நேராகவே சொன்னார், கடைத்தெருவில் 17 இடத்தை எடுக்க என்னால் வாக்குறுதி தர முடியாது, ஆனால் பின்னால் போகும் தெருவில் நடுவில் பூந்தொட்டி வைத்துக் கார் ஊடறுத்துப் போவதை நிறுத்துவேன், பள்ளிக்கூடம் வரை அந்த வழியாகவே போகலாம், இதை எழுதியும் தருகிறேன் என்று. கடைகளிலும் இதையேதான் சொன்னாராம். நான் கேட்டது இது இல்லை. ஆனாலும் அவர் போன பிறகு நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வாக்கு அவருக்கு என்று நினைக்கிறேன். மற்ற இரண்டும் இன்னும் தெரியவில்லை.

மூலைக்கடை:

அக்கா, எழுதி வாங்குங்கள். தெருப் பெயரோடு.

பழையசங்கிலி:

எழுதி வாங்குவதற்கு முன் அந்தப் பின்தெருவை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட வழிகள் பெரும்பாலும் நன்றாகப் போய், கடைசியில் பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில்தான் கைவிட்டுவிடும். அங்கே சிக்னல் இருக்கிறதா, பிள்ளை எத்தனை நிமிடம் காத்து நிற்க வேண்டும் என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடவையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

வடமேற்குவாணி:

கடக்கும் இடம் ஒன்று இருக்கிறது அண்ணா, சிக்னல் இல்லை. நாளைக் காலை எட்டே காலுக்குப் போய் நின்று பார்க்கிறேன். மகனின் சைக்கிள் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, பம்ப் எங்கே வைத்தோம் என்று அவன் இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.