சொல்லிசையில் ‘நான்’ இல்லாமல் எழுதுவது: கிளிப்பிங் குழு வந்த பாதை பற்றி ஒரு கேள்வி

வான்கதவு (கிளிநொச்சி):

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிசை (ராப்) செய்து வருகிறோம். மேடைக்கு அழைப்பவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: ‘வன்னிப் பிள்ளைகள்தானே, நீங்கள் பட்டதைப் பாடுங்கள்.’ 2009இல் எனக்கு ஐந்து வயது. தறப்பாளின் நீல நிறமும் சில ஓசைகளுமே என் நினைவில் உள்ளன; மற்றவை அம்மாவும் மாமாவும் சொல்லக் கேட்டவை. அவற்றை ‘நான்’ என்று பாடும்போது இன்னொருவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. ‘பதுங்குகுழிக்குள்ளே குந்தியிருந்தேன், அம்மா என் காதைப் பொத்தினா’ என்ற எங்கள் வரிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை.

அண்மையில் அமெரிக்காவின் கிளிப்பிங் குழுவைக் கேட்கத் தொடங்கினோம். அதன் பாடகர் ‘நான்’ என்ற சொல்லை விலக்கியே தம் வரிகளை எழுதுகிறார் என்று அறிந்தோம். அந்தக் கட்டுப்பாட்டோடு, இரைச்சலையே தாளமாக்கிக்கொண்டு, அவர்கள் எவ்வாறு இத்தனை ஆண்டுகள் நிலைத்தார்கள்? தமிழில் அது இயலுமா?

பாலைப்பழம் (மல்லாவி):

தம்பி, 2014 முதல் நான் அவர்களைக் கேட்டு வருகிறேன். 2009இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வில்லியம் ஹட்சன், ஜொனதன் ஸ்னைப்ஸ் ஆகிய இருவரும் தொடங்கியபோது, பிறருடைய பிரபலமான சொல்லிசைப் பாடல்களின் குரலை மட்டும் எடுத்து, அதன் கீழே தாங்கள் செய்த கரடுமுரடான இரைச்சலை வைத்துப் பார்ப்பதுதான் அவர்களது வேலையாக இருந்தது. ஹட்சனின் பள்ளிக்கால நண்பரான டவீட் டிக்ஸ் 2010இல் வந்து சொந்த வரிகளை எழுதத் தொடங்கிய பிறகே அது நாம் இன்று அறியும் குழுவாயிற்று. 2013 பெப்ரவரியில் முதல் தொகுப்பைத் தாங்களாகவே இணையத்தில் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சியாட்டிலின் சப் பொப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது.

குழுவின் பெயராக உள்ள சொல்லையும் கவனியுங்கள். ஒலியின் அளவு கருவியின் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடு வெட்டுப்பட்டுக் குரல் கிழிந்து கேட்கும். ஒலிப்பதிவாளர்கள் அதைத்தான் கிளிப்பிங் என்பார்கள். கோயில் திருவிழாவில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஓசை அது. அவர்கள் அதைப் பிழையாகக் கொள்ளாமல் இசைப்பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். 2014இல் வந்த தொகுப்பில் ஒரு பாடல், காலையில் எழுப்பும் மணிக்கூட்டின் ‘பீப்’ ஒலியை அடித்தளமாகக் கொண்டது. முதலில் எழுந்துபோய் அதை நிறுத்தத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் கால் தானாகவே அதற்குத் தட்டத் தொடங்கும்.

நிலைத்தது எவ்வாறு என்று கேட்டீர்கள். டிக்ஸ் 2015இல் நியூயோர்க்கின் பிரோட்வேக்குச் சென்று ஹமில்ட்டன் இசைநாடகத்தில் நடித்து, 2016இல் டோனி விருதும் பெற்றார். வேறு குழுவாக இருந்தால் அத்துடன் கலைந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில், விண்வெளிச் சரக்குக் கப்பலொன்றில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சியில் உயிர் தப்பிய ஒரேயொருவனையும், அவன்மேல் காதல் கொள்ளும் கப்பலின் கணினியையும் பற்றி ஒரு முழுத் தொகுப்பையே வெளியிட்டார்கள். அது 2017இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மற்ற இருவரும் திரைப்படங்களுக்கு இசையமைத்து வந்தார்கள். சோற்றுக்கு வேறு வழி வைத்திருந்ததால், இந்த இசையை யாருக்காகவும் மென்மையாக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை என்றே நான் கருதுகிறேன். 2019, 2020 ஆண்டுகளில் இரண்டு திகில் தொகுப்புகள் வந்தன. அவற்றுள் முதலாவது, எரிந்துகொண்டிருக்கும் பியானோவின் ஓசையை ஏறத்தாழ 18 நிமிடங்கள் கேட்கவைத்து முடிகிறது. 2025 மார்ச்சிலும் புதிய தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது.

இலுப்பைப்பூ (துணுக்காய்):

நான் தமிழ் கற்பிப்பவள்; சொல்லிசையில் எனக்குப் பழக்கம் குறைவு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் தன்மைச் சொற்களைத் தனியாகப் பிரித்து விலக்கலாம். தமிழிலோ தன்மை வினையின் வாலிலும் இருக்கிறது. ‘நான் போனேன்’ என்பதில் ‘நான்’ என்பதை எடுத்துவிட்டாலும் ‘போனேன்’ உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நமது பேச்சில் ‘போனன்’, ‘வந்தனான்’, ‘கண்டம்’ என்பவையும் அப்படியே. ஆகவே அந்தக் கட்டுப்பாடு தமிழில் இன்னும் கடினமானது. பெயரெச்சங்களையும் பெயர்ச்சொற்களையும் வைத்து எழுதிப் பாருங்கள். உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம்: ‘பதுங்குகுழி. குந்தியிருந்த பிள்ளை. காதைப் பொத்திய கை. கைக்கு வெளியே ஓசை.’ யாருடைய கை என்று சொல்லாததால் கேட்பவர் தமக்குத் தெரிந்த ஒரு கையை அங்கே வைத்துக்கொள்வார்.

இது நமக்கு அந்நியமும் அல்ல. கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஆடுபவரே பாடினாலும், ‘வந்தாரே’ என்று தம்மைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டுதான் வருவார். அதனால் அவருடைய துயரம் குறைந்து கேட்பதில்லை.

மணல்வீதி (வவுனியா):

மல்லாவி அண்ணா தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மனக்குறைக்கு நேரான பதில் அதில் இருப்பதாக நினைக்கிறேன். 2017இல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக அவர்கள் செய்த பாடலில், அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகள் கடலடியில் ஒரு சமூகமாக வாழ்கிறார்கள். டெட்ரோயிட்டின் ட்ரெக்ஸியா என்ற இருவர் கொண்ட டெக்னோ மின்னிசைக் குழு முன்பே தொடங்கிவைத்த கதை அது. கிளிப்பிங் பாடலோ கேட்பவர்களை முன்னிலையில் அழைத்து, நினைவிருக்கிறதல்லவா என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைக் கொண்டு ரிவர்ஸ் சொலமன் 2019இல் எழுதிய குறுநாவலில், தன் இனத்தார் அனைவரின் நினைவுகளையும் ஒரேயொரு பெண் சுமக்கிறாள். அம்மாவும் மாமாவும் சொன்னதைச் சுமக்கும் உங்கள் நிலையும் அதற்குத் தூரமானது அல்ல.

ஒலிப்பதிவு பற்றியும் ஒரு சொல். நெல் ஆலையையோ லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தையோ கைபேசியில் பதியும்போது, செயலி தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை முதலில் நிறுத்துங்கள். அளவைத் தாழ்த்திப் பதிந்து, கிழிக்க வேண்டியதைப் பிறகு கணினியில் கிழியுங்கள். பதியும்போதே வெட்டுப்பட்ட முகடு திரும்பக் கிடைக்காது.

வான்கதவு (கிளிநொச்சி):

மூவருக்கும் நன்றி. நேற்று நெல் ஆலையில், மணல்வீதி சொன்னவாறே தாழ்த்திப் பதிந்தோம். ஆலையின் பட்டி சுற்றும்போது நான்காவது அடியில் ஒரு தட்டல் விழுகிறது. அதையே தாளமாக வைத்திருக்கிறோம். ஆசிரியை அம்மா எழுதித்தந்த வரிகளை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று என் காதைப் பொத்தியது தன் கை அல்ல, தன் இரண்டு கைகளிலும் தம்பி இருந்தான், பொத்தியது மாமா என்று சொன்னார்.